வேனுக்குள்ள நெட் எடுக்க மாட்டேங்குது: பூஸ்டர் வாங்கலாமா?

கரையோரப்பறவை | நாகர்கோவில்

எல்லாருக்கும் வணக்கம். பழைய ஃபோர்ஸ் டிராவலர் ஒண்ணை வாங்கி, உள்ள கட்டில், சின்ன அடுப்பு, தண்ணித் தொட்டி எல்லாம் வெச்சு, நானும் வீட்டுக்காரரும் ஊர் ஊரா தங்கிக்கிட்டே வேலை பார்க்கிறோம். எனக்குக் கணக்கு எழுதற வேலை. மாசம் 20ஆம் தேதி நெருங்கினா ஜிஎஸ்டி தாக்கல். அந்த நேரத்துல நெட் நின்னா பொழப்பே நின்னுடும்.

வேனுக்கு வெளிய நின்னா போன்ல மூணு கோடு காட்டுது. உள்ள வந்து கதவைச் சாத்தினா ஒரே கோடு. வீடியோ கால்ல அவங்க பேசறது எனக்கு நல்லா கேக்குது, என் குரல்தான் அவங்களுக்கு அறுந்து அறுந்து போகுதாம். ஆன்லைன்ல மூணு பேண்ட் (அலைவரிசைப் பட்டை) சிக்னல் பூஸ்டர் ஒண்ணு பார்த்தோம், வெளிய ஒரு ஆண்டெனா, உள்ள ஒரு ஆண்டெனா, நடுவுல ஒரு பெட்டி. வாங்கலாமா? இப்ப ஆழியார் பக்கம் இருக்கோம். அடுத்து வால்பாறை, அப்புறம் கொங்கண் கரை வழியா ஹிமாச்சல் வரைக்கும் போற யோசனை.

டவர்க்காரன் | மதுரை

வாங்காதீங்கம்மா. முதல்ல இதைச் சொல்லிட்டு மத்ததுக்கு வர்றேன்.

நம்ம நாட்டுல மொபைல் பூஸ்டரை டெலிகாம் கம்பெனி தவிர வேற யாரும் வெச்சிருக்கவோ விக்கவோ பயன்படுத்தவோ கூடாது. 2022 ஜனவரியிலேயே தொலைத்தொடர்புத் துறை இதை வெளிப்படையா அறிவிச்சிருக்கு. 1933ஆம் வருஷத்து வயர்லெஸ் சட்டத்துலயும் அனுமதி இல்லாத ரேடியோ கருவி வெச்சிருக்கறது குற்றம். 2023ல வந்த தொலைத்தொடர்புச் சட்டமும் அதையேதான் சொல்லுது. ஆன்லைன்ல விக்குதுங்கறதால அனுமதி இருக்குன்னு ஆயிடாது.

சட்டத்தை விடுங்க, வேன்ல அது வேலையும் செய்யாது. பூஸ்டர் வெளிய இருந்து வாங்குன சிக்னலைப் பெருக்கி உள்ள விடுது. உள்ள விட்டது திரும்ப வெளி ஆண்டெனாவுக்குப் போயிடக் கூடாது. அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற தடுப்பு, பூஸ்டரோட பெருக்கத்தை விட ஒரு 15 டெசிபலாவது கூட இருக்கணும். மூணு மாடி வீட்டுல மொட்டை மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் அது கிடைக்கலாம். வேன்ல கூரைக்கும் கட்டிலுக்கும் ஆறடி, நடுவுல கண்ணாடி ஜன்னல். 65, 70 டெசிபல் பெருக்கம்னு அட்டையில போட்ட பெட்டி அங்க தன் சத்தத்தையே திரும்பத் திரும்பப் பெருக்கி ஊளையிட ஆரம்பிச்சிடும். அந்த இரைச்சல் நேரா டவருக்குப் போகும். அந்த டவரை நம்பி இருக்கற மொத்த ஊருக்கும் கால் கட்டாகும். பல வருஷம் டவர் பராமரிப்புல இருந்தவன் நான். "பேசிட்டு இருக்கும்போதே லைன் போகுது"ன்னு ஒரு தெருவே புகார் கொடுத்து, போய்த் தேடினா கடைசியில ஒரு கடை மாடியில இந்தப் பெட்டி உக்காந்திருக்கும். 108க்குக் கூப்பிட்டவருக்கும் லைன் போயிருக்காதுங்கறதை நினைச்சாத்தான் எனக்கு மனசு ஆறாது.

இப்ப உங்க பிரச்சனைக்கு வர்றேன். உங்க குரல் மட்டும் போகலைன்னு சொன்னீங்க பாருங்க, அதுலயே பதில் இருக்கு. டவர் நிறைய வாட்ஸ்ல பேசுது. உங்க போன் அதிகபட்சம் 200 மில்லிவாட், ஒரு வாட்டுல அஞ்சுல ஒரு பங்கு. தகரப் பெட்டிக்குள்ள இருந்து அந்தக் கொஞ்ச சக்தி வெளிய வர்றதுக்குள்ள கரைஞ்சு போகுது. அதனால, பேசற ஆண்டெனாவைத் தகரத்துக்கு வெளிய கொண்டு வரணும். சிம் போடற ரூட்டர், அதுல ரெண்டு எஸ்எம்ஏ ஆண்டெனா முனை, அதுல இருந்து கூரைக்கு ஒயர், கூரை மேல ஆண்டெனா. உள்ள நீங்க வைஃபையில இணைஞ்சுக்குவீங்க. ரூட்டரும் போன் மாதிரிதான், டவர் சொல்ற அளவு சக்தியிலதான் பேசும், யாருக்கும் தொந்தரவு இல்ல. கூரையில இருக்கற ஆண்டெனா கேக்கறதையும் கூட்டும், பேசறதையும் கூட்டும்.

ஆனா எதையும் வாங்கறதுக்கு முன்னாடி அளந்து பாருங்க. கோட்டை நம்பாதீங்க, ஒவ்வொரு போன் கம்பெனியும் கோட்டுக்கு ஒவ்வொரு கணக்கு வெச்சிருக்கு. ஆண்ட்ராய்டுல நெட்வொர்க் செல் இன்ஃபோ மாதிரி ஒரு செயலி போட்டு ஆர்எஸ்ஆர்பி (சிக்னலோட பலம்), எஸ்ஐஎன்ஆர் (இரைச்சலை விட சிக்னல் எவ்வளவு மேல நிக்குதுங்கறது)னு ரெண்டு எண்ணைப் பாருங்க. ஐபோன்னா *3001#12345#* டயல் பண்ணினா வரும். ஆர்எஸ்ஆர்பி மைனஸ் 80 டிபிஎம்னா அருமை, மைனஸ் 100 சமாளிக்கலாம், மைனஸ் 115க்குக் கீழ போனா இழுபறி. எஸ்ஐஎன்ஆர் 20ன்னா சுத்தமான சிக்னல், பூஜ்யத்துக்குப் பக்கத்துல வந்தா இரைச்சல் மிஞ்சிடுச்சுன்னு அர்த்தம். கதவு சாத்தி உள்ள ஒரு தடவை, ஏணி போட்டுக் கூரை மேல போனை வெச்சு ஒரு தடவை எடுத்து இங்க போடுங்க.

நாலுவழிச்சாலை | சேலம்

எங்க ஊர்ல வணிக வளாகம் முழுக்க பூஸ்டர் இருக்கு, யாரும் வந்து கேட்டதில்லையே அண்ணா? அவசரத்துக்கு வெச்சுக்கிட்டா என்ன?

டவர்க்காரன் | மதுரை

தம்பி, பெரிய கட்டடங்கள்ல இருக்கறது பெரும்பாலும் டெலிகாம் கம்பெனியே கட்டித் தர்ற உள்ளரங்க அமைப்பு. அது டவரோட ஒரு கிளை, கம்பெனி கண்காணிப்புல இருக்கும். நீங்க சொல்றதுல தனியார் பெட்டியும் கலந்திருக்கலாம், மறுக்கல. வயர்லெஸ் கண்காணிப்பு அமைப்பு திசை பார்க்கற வண்டியோட வந்து நிக்கற வரைக்கும் யாரும் கேக்க மாட்டாங்க. ஓடற வேன்ல வெச்சா இன்னும் மோசம், போற வழியில இருக்கற ஒவ்வொரு டவரையும் கெடுத்துக்கிட்டே போகும்.

வன்னிமரம் | சிட்னி

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப இருக்கிறது சிட்னியில. பிள்ளையள் வளர்ந்தாப் பிறகு நானும் மனுசியும் கம்பர்வான் எடுத்து உள்நாடு பார்க்கப் போறனாங்கள். டவர்க்காரன் அண்ணை சொல்லுறது இஞ்சையும் பொருந்தும். ஆஸ்திரேலியாவிலயும் நினைச்ச பூஸ்டரை வைக்கேலாது. டெல்ஸ்ட்ரா, ஒப்டஸ், வோடஃபோன் காரர் அனுமதிச்ச செல்-ஃபை எண்ட ஒரு வகை ரிப்பீட்டருக்கு மட்டும் இடம் இருக்குது. அது ஒரு கம்பனியின்ர அலைவரிசையை மட்டும் தேர்ந்து பெருக்கும், ஊளையிடப் போறன் எண்டு தெரிஞ்சால் தானே அடங்கிவிடும். விலை கொஞ்சநஞ்சம் இல்லை.

ஆனால் ஒண்டு விளங்கிக்கொள்ளுங்கோ. இல்லாத சிக்னலை எந்தப் பெட்டியும் உண்டாக்காது. டெல்ஸ்ட்ரா தங்கட வலையமைப்பு சனத்தொகையில 99.7 சதவீதத்துக்குப் போகுது எண்டு சொல்லும். நிலப்பரப்பைப் பார்த்தால் 77 இலட்சம் சதுர கிலோமீட்டர் நாட்டில கிட்டத்தட்ட 30 இலட்சம்தான். நுல்லார்பர் சமவெளியில போகேக்க ரோட்ஹவுஸ் பக்கம் சிக்னல் வரும், பிறகு நெடுக ஒண்டும் வராது. 2024 ஒக்டோபரில 3ஜியை மூடினாப் பிறகு பழைய போன், பழைய ரூட்டர் வச்சிருந்த கனபேர் வழியில அந்தரிச்சவை. அதால கருவி வாங்கேக்க எந்த பேண்ட் எடுக்கும் எண்டு வடிவாப் பார்த்து வாங்குங்கோ. இஞ்ச இப்ப கரவான்காரர் கனபேர் கூரையில ஸ்டார்லிங்க் எண்ட செயற்கைக்கோள் இன்டர்நெட் தட்டுத்தான் வைக்கினம்.

நாலுவழிச்சாலை | சேலம்

அப்ப அந்தத் தட்டையே வெளிநாட்டுல இருந்து யாராவது மூலமா வரவழைச்சா?

டவர்க்காரன் | மதுரை

கூடவே கூடாது தம்பி. ஸ்டார்லிங்குக்கு இந்தியாவுல உரிமம் கிடைச்சது 2025 ஜூன்ல. உரிமம் கிடைச்சது கம்பெனிக்கு, நாம வெளிநாட்டுத் தட்டைக் கொண்டு வந்து வைக்கறதுக்கு இல்ல. செயற்கைக்கோள் கருவின்னா இங்க விளையாட்டில்ல. 2024 டிசம்பர்ல கோவா விமான நிலையத்துல கனடாப் பெண் ஒருத்தர், மலையேறறவங்க செயற்கைக்கோள் வழியா சேதி அனுப்ப வெச்சிருக்கற கார்மின் இன்ரீச் கருவியைப் பையில வெச்சிருந்ததுக்கே தடுத்து வைக்கப்பட்டார். ஹிமாச்சல், லடாக் பக்கம் எல்லைச் சோதனைச் சாவடிகள்ல இன்னும் கடுமை.

மலைக்காத்து | கோத்தகிரி

அக்கா வால்பாறை போறாங்கன்னு பார்த்ததும் எழுதறேன். மலையில கணக்கே வேற.

கடையில "12 டிபிஐ ஆண்டெனா"ன்னு நீளக் குச்சியா ஒண்ணு தருவாங்க, டிபிஐங்கறது ஆண்டெனாவோட பெருக்க அளவு, எண் பெருசா இருந்தா நல்லதுன்னு வாங்கிடாதீங்க. சுத்துவட்ட ஆண்டெனாவுல பெருக்கம் கூடக்கூட, அது பார்க்கற வட்டம் தட்டையாகிக்கிட்டே போகும். சமவெளியில தூரத்து டவரைப் பிடிக்க அது சரி. மலையில டவர் உங்க தலைக்கு மேல எதிர்க் குன்றுல இருக்கும், இல்லைன்னா கீழ பள்ளத்தாக்குல இருக்கும். தட்டைக் கற்றை அதைத் தாண்டிப் போயிடும். வேன் கூரைக்கு 3லிருந்து 5 டிபிஐ போதும். ஒரே இடத்துல சில நாள் தங்கறப்ப மட்டும் ஒரு கம்புல எல்பிடிஏன்னு சொல்ற திசை ஆண்டெனாவை மாட்டி டவர் பக்கம் திருப்பிக்கலாம். அது பழைய டிவி ஆண்டெனா சாயல்ல இருக்கும், 9, 10 டிபிஐ சாதாரணமா கிடைக்கும். ரெண்டு முனை இருக்கற ரூட்டருக்கு ரெண்டு ஆண்டெனா வேணும், ஒண்ணை 45 டிகிரி இந்தப் பக்கம், இன்னொண்ணை 45 டிகிரி அந்தப் பக்கம் சாய்ச்சு வைங்க.

அடுத்தது பேண்ட். மரம் நிறைஞ்ச இடத்துல குறைந்த அலைவரிசைதான் உள்ள நுழையும். ஜியோவுக்கு 850 மெகாஹெர்ட்ஸ்ல பேண்ட் 5, ஏர்டெல்லுக்கு 900ல பேண்ட் 8. பிஎஸ்என்எல் 4ஜி 700ல, அதாவது பேண்ட் 28ல வருது. பேண்ட் 28 இல்லாத பழைய ரூட்டர் வெச்சிருந்தா டவர் பக்கத்துலயே நின்னாலும் அந்த சிக்னல் கண்ணுக்குத் தெரியாது. ஜியோ, ஏர்டெல் ரெண்டுக்குமே 2300ல பேண்ட் 40 இருக்கு, டவர் பக்கத்துல நல்ல வேகம், ஒரு சோலையைத் தாண்டினா காணாம போயிடும்.

இன்னொண்ணு, மழை பெஞ்சா சிக்னல் போகுதுன்னு எல்லாரும் சொல்வாங்க. இந்த அலைவரிசைகள்ல மழைத்துளி பெருசா ஒண்ணும் பண்ணாது. நனைஞ்ச இலை கொஞ்சம் உறிஞ்சும். நிஜக் காரணம் பெரும்பாலும் டவர்ல கரண்ட் போய் பேட்டரியும் தீர்ந்திருக்கும், இல்லைன்னா மண் சரிஞ்சு ஃபைபர் அறுந்திருக்கும். அதுக்கு உங்க கூரையில எந்த ஆண்டெனா வெச்சும் புண்ணியமில்ல, வேற கம்பெனி சிம்தான் மருந்து. சனி ஞாயிறுல ஊட்டி, கொடைக்கானல்ல முழுக் கோடு இருந்தும் நெட் நகராது. அது நெரிசல். அப்ப காலையில ஆறு மணிக்கு வேலையை முடிச்சிடுங்க.

கரையோரப்பறவை | நாகர்கோவில்

எல்லாருக்கும் நன்றி. பூஸ்டர் யோசனையை விட்டாச்சு. 108 பத்தி அண்ணன் எழுதினதைப் படிச்சதும் வீட்டுக்காரரே வேண்டாம்னுட்டார்.

தென்னந்தோப்பு ஓரம் நின்னு அளந்தோம். ஜியோ: உள்ள கதவு சாத்தி மைனஸ் 114, எஸ்ஐஎன்ஆர் 2. கூரை மேல மைனஸ் 101, எஸ்ஐஎன்ஆர் 9. ஏர்டெல்: உள்ள மைனஸ் 108, கூரையில மைனஸ் 97, ஆனா எஸ்ஐஎன்ஆர் மேலயும் 3தான். இன்னொரு விஷயமும் கவனிச்சோம். வேனை ஒரு பத்தடி முன்னாடி நகர்த்தினதும் ஜியோ உள்ளயே மைனஸ் 108 ஆயிடுச்சு. இது ஏன்? எந்த ரூட்டர் வாங்கறது?

டவர்க்காரன் | மதுரை

பாருங்க, கூரைக்கு ஏறினதுக்கே ஜியோவுல 13 டெசிபல், கிட்டத்தட்ட இருபது மடங்கு. அதுக்கு ஒரு பைசா செலவில்ல. ஏர்டெல்ல சிக்னல் பலமா இருந்தும் எஸ்ஐஎன்ஆர் ஏறல. ரெண்டு டவர் ஒண்ணோடொண்ணு மோதுதுன்னு தெரியுது. அங்க பலத்தைக் கூட்டிப் பிரயோஜனமில்ல, ஒரு டவரை மட்டும் பார்க்கற திசை ஆண்டெனாதான் உதவும். உங்களுக்கு அந்த இடத்துல ஜியோ நல்லது.

பத்தடி நகர்ந்ததும் மாறினது இயல்பு. சிக்னல் நேரா ஒரு வழியில மட்டும் வர்றதில்ல. தண்ணி, பாறை, பக்கத்து லாரின்னு எல்லாத்துலயும் பட்டுச் சிதறி வந்து சேருது. சில இடத்துல அதெல்லாம் சேர்ந்து பலமாகும், சில இடத்துல ஒண்ணையொண்ணு அழிச்சிடும். 850ல அலைநீளமே சுமார் 35 சென்டிமீட்டர்தான். வண்டியை நிறுத்தினதும் இன்ஜினை அணைக்கறதுக்கு முன்னாடி செயலியைத் திறந்து வெச்சு முன்ன பின்ன நகர்த்திப் பார்க்கறதை ஒரு பழக்கமாவே வெச்சுக்குங்க.

ரூட்டர்ல டெல்டோனிகா ஆர்யுடி951 வேனுக்குத் தோதானது. 9லிருந்து 30 வோல்ட் வரைக்கும் தாங்கும், இன்வெர்ட்டர் இல்லாம வேன் பேட்டரியில நேரா கொடுக்கலாம். ரெண்டு சிம் போடலாம், ஒண்ணு செத்தா மத்ததுக்குத் தானே மாறும். ஒரே நேரத்துல ரெண்டும் ஓடாது, அது தெரிஞ்சிருக்கட்டும். நாட்டுக்கு நாடு வேற வேற பேண்டோட விக்கறாங்க, 5, 8, 28, 40 நாலும் இருக்கான்னு கேட்டு வாங்குங்க. விலை கூடுதல்னு பட்டா, ரெண்டு எஸ்எம்ஏ முனை இருக்கற பழைய ஹுவாவே பி315 பாருங்க. அது 12 வோல்ட்தான், நடுவுல ஒரு வோல்டேஜ் சீராக்கி வைங்க. சார்ஜ் ஏறும்போது வேன் பேட்டரி 14க்கு மேல போகும்.

எல்லாரும் அலட்சியமா விடற இடம் ஒயர். ஆர்ஜி58 ஒயர் 1800 மெகாஹெர்ட்ஸ்ல மீட்டருக்கு முக்கால் டெசிபல் தின்னும். அஞ்சு மீட்டர் சுத்தி விட்டா ஆண்டெனா கொடுத்ததுல பாதிக்கு மேல ஒயர்லயே போச்சு. எல்எம்ஆர் 200 வாங்குங்க, இழப்பு அரை டெசிபலுக்குக் கீழ. அதைவிட முக்கியம், ரூட்டரைக் கூரைக்கு ஒட்டி அலமாரியில வெச்சு ஒயரை ரெண்டு மீட்டருக்குள்ள முடிச்சிடுங்க. ஒயர் நீளமா வேணும்னா அது லேன் ஒயரா இருக்கட்டும்.

வைஃபைவாத்தியார் | புதுச்சேரி

சிம் பற்றியே பேசுகிறோம். தங்கும் இடத்தின் வைஃபையைத் தூரத்திலிருந்து எடுப்பதும் இவருக்குப் பயன்படும். தோட்ட விடுதிகளில் வேன் நிறுத்த இடம் தருகிறார்கள், வைஃபை வரவேற்பறையைத் தாண்டி வருவதில்லை. டிபி-லிங்க் சிபிஇ210 போன்ற வெளிப்புறக் கருவியை அந்தப் பக்கம் திருப்பி, வாடிக்கையாளர் முறையில் (கிளையண்ட் மோட், அதாவது விடுதி வைஃபையில் இணையும் கருவியாக) வைத்தால் நேர்க்கோட்டில் தடையில்லாதபோது நூறு இருநூறு மீட்டர் எளிதாக எடுக்கும். அதை வேனுக்குள் இருக்கும் ரூட்டரில் இணைத்துவிட்டால் போதும். 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்கு இங்கே 2005 முதலே உரிமம் தேவையில்லை, ஆண்டெனாவோடு சேர்த்து 4 வாட் வரை அனுமதி உண்டு. விடுதிக்காரரிடம் கேட்டுவிட்டு வையுங்கள். அந்தக் கருவிக்கு 24 வோல்ட் வேண்டும், 12லிருந்து ஏற்றித் தரும் சிறு மாற்றி தேவைப்படும். பொது வைஃபையில் ஜிஎஸ்டி கணக்கைத் திறப்பதாயிருந்தால் விபிஎன் இல்லாமல் திறக்காதீர்கள்.

பனிச்சாலை | ஈரோடு

அக்கா, ஹிமாச்சல்ல நம்ம ஊர் ப்ரீபெய்டு வேலை செய்யும். அதைத் தாண்டி லடாக்குக்கோ காஷ்மீருக்கோ போறதா இருந்தா வெளி மாநில ப்ரீபெய்டு சிம் எடுக்காது, போஸ்ட்பெய்டு மட்டும்தான். கிளம்பறதுக்கு முன்னாடியே ஒரு சிம்மையாவது போஸ்ட்பெய்டா மாத்திடுங்க, அங்க போய்த் தவிக்காதீங்க.

அந்தப் பக்கமெல்லாம் இப்ப மாறிக்கிட்டிருக்கு. பாங்காங் ஏரிக்கரையில ஸ்பாங்மிக்குக்கு 2022ல ஜியோ 4ஜி வந்தது. ஸ்பிட்டியில, ஐந்நூறு வருஷப் பழைய மம்மி இருக்கற கியு கிராமத்துக்கு முதல்முதலா மொபைல் சிக்னல் வந்ததே 2024 ஏப்ரல்லதான். பிஎஸ்என்எல் சொந்தத் தொழில்நுட்பத்துல 97,500க்கு மேல டவர்களை 2025 செப்டம்பர் 27ல தொடங்கி வெச்சாங்க. எல்லையோரக் கிராமம், மலை உச்சின்னா ஒரு பிஎஸ்என்எல் சிம் கையில இருக்கறது நல்லது. எந்த இடத்துல யாரோட டவர் இருக்குன்னு அரசாங்கத்தோட தரங் சஞ்சார் தளத்துல பார்க்கலாம். கம்பெனிகளும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயோட உத்தரவுப்படி 2025லிருந்து அவங்க கவரேஜ் வரைபடத்தை வெளியிடணும். ராத்திரி தங்கற இடத்தை அதைப் பார்த்தே முடிவு பண்ணுங்க.

இன்னொரு எச்சரிக்கை: போன்ல "வரம்பில்லா 5ஜி" பிளான் போட்டிருப்பீங்க. அந்த சிம்மை 4ஜி ரூட்டர்ல போட்டா வரம்பில்லாதது எதுவும் கிடையாது, தினசரி 2 ஜிபி தீர்ந்ததும் 64 கேபிபிஎஸ். ரூட்டர் சிம்முக்கு மொத்த டேட்டா பிளான் தனியா போடுங்க.

வன்னிமரம் | சிட்னி

தனுஷ்கோடிப் பக்கம் போனால் ரோமிங்கை நிப்பாட்டி வையுங்கோ பிள்ளை. தலைமன்னார் அங்கயிருந்து முப்பது கிலோமீட்டர்கூட இல்லை, வெறும் கடல், மறிக்க ஒண்டும் இல்லை. போன் எங்கட பக்கத்து டவரைப் பிடிச்சிடும், பிறகு பில் வரும்.

கரையோரப்பறவை | நாகர்கோவில்

கோயம்புத்தூர்ல ரூட்டர் வாங்கியாச்சு. ரெண்டு 5 டிபிஐ ஆண்டெனாவைக் காந்த அடியோட தற்காலிகமா கூரையில ஒட்டி, ஒயரை ஜன்னல் இடுக்குல விட்டிருக்கோம். அதே தோப்பு ஓரம், கதவு சாத்தி: மைனஸ் 98, எஸ்ஐஎன்ஆர் 11. இன்னைக்கு வீடியோ கால்ல ஒரு தடவைகூட யாரும் "கேக்கல"ன்னு சொல்லல! ஜன்னல் சரியா மூடாததால கொசு வருது, வால்பாறையில மழையும் வரும். கூரையில ஓட்டை போடப் பயமா இருக்கு. எப்படிப் பண்ணலாம்?

டவர்க்காரன் | மதுரை

ரொம்ப சந்தோஷம்மா. கூரை மேல ஓட்டை வேண்டாம், பின்பக்கம் மேல் ஓரத்துல செங்குத்தான தகட்டுல போடுங்க. ஓட்டை போட்டதும் விளிம்புல துருப்பிடிக்காத பெயிண்ட் அடிங்க, அதுல ரப்பர் கிளாண்ட் (ஒயரை இறுக்கிப் பிடிக்கற வளையம்) மாட்டி, சுத்தி வண்டிக்கு அடிக்கற பாலியூரித்தேன் சீலன்ட் வைங்க. வீட்டு சிலிக்கான் தகரத்துல நிக்காது. ஒயர் கிளாண்டுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி ஒரு சாண் கீழ தொங்கி மேல ஏறி உள்ள போகணும், தண்ணி அந்தத் தொங்கல்ல சொட்டி விழுந்துடும். வெளிய இருக்கற எஸ்எம்ஏ இணைப்புல தானே ஒட்டிக்கற ரப்பர் டேப்பைக் கீழ இருந்து மேல சுத்துங்க. காந்த அடியை மட்டும் நம்பி வால்பாறை ஏறாதீங்க, நாப்பது கொண்டை ஊசி வளைவு, தாழ்ந்த கிளை தட்டினா ஆண்டெனா ரோட்டுல கிடக்கும். ஒரு நைலான் கயிறால ஏணிக் கம்பியோட கட்டிடுங்க. ஒரு நாள் காய விட்டு, குழாய்த் தண்ணியைப் பீய்ச்சிப் பார்த்துட்டுக் கிளம்புங்க.